வேரியபிள் கணக்கில் மாட்டிக்கொண்டால் யாரிடம் போவது?

புரோகிராமிங் தொடங்கிய புதிதில் நிறைய பேர் மாட்டும் இடம் ஒன்று உண்டு. ஃபாரன்ஹீட்டைச் செல்சியஸாக மாற்றும் பயிற்சி. சி மொழியில் 5/9*(ஃபா-32) என்று புத்தகத்தில் இருக்கும் ஃபார்முலாவை அப்படியே அடிப்போம், 212 கொடுத்தால் 100 வர வேண்டும், வந்து நிற்பது 0. எரர் கிடையாது, ஒன்றும் கிடையாது, வெறும் சைபர்.

இந்த மாதிரி நேரத்துக்கு ஏஐதான் வேகம், அதில் சந்தேகமே இல்லை. எழுதிய கோட் வரிகளை ஒட்டி "ஏன் 0 வருகிறது" என்று கேட்டால் போதும், முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் சி மொழி தசமப் பகுதியை வெட்டிவிடும், அதனால் 5/9 என்பதே 0, 5.0/9 என்று எழுது என்று நொடியில் சொல்லிவிடும். விளக்கமும் சரிதான். ஆனால் கோட் ஓடிவிட்ட பிறகு விளக்கத்தை யார் படிக்கிறார்கள்? நான் படிக்கவில்லை. அடுத்த பயிற்சி மூன்று பாட மதிப்பெண்களின் சராசரி. 245/3 போட்டுவிட்டு 81.67 எங்கே போச்சு, ஏன் 81 என்று மறுபடி அதே பள்ளத்தில் விழுந்தேன். அதற்கப்புறம்தான் கேட்கும் விதத்தை மாற்றினேன்: "விடை வேண்டாம், எந்த இடத்தில் நான் நினைத்ததும் கம்ப்யூட்டர் செய்ததும் வேறாகிறது என்று மட்டும் சொல்." இப்படிக் கேட்டால் ஏஐ நல்ல வாத்தியார். நாளைக்கு சமர்ப்பிக்க வேண்டும் என்ற அவசரத்தில் அப்படிக் கேட்கத்தான் மனசு வராது.

பைதான் டியூட்டர் என்ற இணையதளம் இதற்கு நேர் எதிர். பிலிப் குவோ 2010இல் தொடங்கியது, பெயரில் பைதான் இருந்தாலும் சி, ஜாவா எல்லாம் ஓடும். அதன் அசல் வேலை விடை சொல்வது இல்லை. ஒவ்வொரு வரி ஓடியதும் எந்த வேரியபிளில், அதாவது மதிப்பைப் போட்டுவைக்கும் பெயரிட்ட பெட்டியில், என்ன இருக்கிறது என்று படமாகக் காட்டும். அ = 5, ஆ = 7 என்று வைத்து, இரண்டையும் இடம் மாற்ற அ = ஆ, பிறகு ஆ = அ என்று எழுதிப் பாருங்கள். முதல் மாற்றத்திலேயே 5 காணாமல் போவது கண்ணுக்குத் தெரியும், மூன்றாவது வேரியபிள் எதற்கு என்று அதற்குமேல் யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஒரு குறை, வரி வரியாகத்தான் நகரும். செல்சியஸ் ஃபார்முலாவை ஒரே வரியில் எழுதினால் அங்கேயும் 0 மட்டும்தான் தெரியும், 5/9ஐ உடைத்துத் தனி வரியில் வைத்தால்தான் குட்டு வெளிப்படும்.

புரோகிராமர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் தேடலாம், புதிதாகக் கேள்வி போடுவது இந்த நிலையில் வீண். ஏற்கெனவே கேட்டாகிவிட்டது என்று மூடிவிடுவார்கள், பெரும்பாலும் அது உண்மையும்கூட. பதிலின் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 2008இலிருந்து சேர்ந்த குவியல் அது. பழைய பைதான் 2 பதிலில் 7/2 என்றால் 3, இன்றைய பைதான் 3இல் 3.5.

பக்கத்தில் உட்காரும் சீனியர்? அது ஆளைப் பொறுத்தது. திரையில் விரல் வைத்து "இங்க என்ன வரும்னு நினைக்கிற?" என்று கேட்பவர் கிடைத்தால் மேலே சொன்ன எதுவுமே வேண்டாம். கீபோர்டைப் பிடுங்கி அடித்துக் கொடுப்பவர் என்றால் ஏஐயே பரவாயில்லை, அதற்கு அலுத்துக்கொள்ளத் தெரியாது.

என் கணக்கில் முதலில் பைதான் டியூட்டர், அங்கேயும் பிடிபடவில்லை என்றால் ஏஐ. இந்தப் பயிற்சிகளில் தப்பு பெரும்பாலும் கோடில் இல்லை, வேரியபிளுக்குள் என்ன இருக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருப்பதில்தான் இருக்கிறது. பைதானில் இன்புட்டாக வாங்கிய 5ஐயும் 3ஐயும் கூட்டினால் 53 வருவதும் இந்த ரகம்தான்: வந்தது எண் இல்லை, எழுத்துச்சரம்.

உதவுகிறவரைச் சோதிக்கவும் ஒரு வழி உண்டு. சி தேர்வுகளில் அ++ + ++அ என்ன விடை என்று கேட்பார்களே (++ என்றால் ஒன்றைக் கூட்டு), அதைக் கேளுங்கள். சி மொழியின் விதிப்படி அதற்கு விடையே வரையறுக்கப்படவில்லை, நாம் எழுதியதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் எதை வேண்டுமானாலும் தரலாம். ஏஐயோ சீனியரோ, யோசிக்காமல் ஒரு எண்ணை அடித்துச் சொன்னால் அவர் சொன்ன மற்றதையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.