சுரக்ஷா கேஸ் டியூப் வாங்கலாமா?

கேஸ் ஏஜென்சில தர்ற ஆரஞ்சு கலர் சுரக்ஷா டியூப் தான் எங்க வீட்ல ஓடிட்டு இருக்கு, 1.5 மீட்டர், இருநூறு ரூபா கிட்ட வரும். மிக்சிக்கு அஞ்சாயிரம் குடுக்குறவங்க கூட டியூப்னு வந்தா ஹார்டுவேர் கடைல சாதா ரப்பர் டியூப்ப மீட்டர் கணக்குல வெட்டி வாங்கிட்டு வந்து மாட்டிடறாங்க, பாக்கவே பயமா இருக்கு.

சாதா டியூப் சூடு பட்டு பட்டு காஞ்சு வெடிப்பு விடும், இல்லன்னா எலி கடிச்சிரும். சின்ன ஓட்டை தானேன்னு நினைக்காதீங்க, சமையல் கேஸ் காத்த விட கனம், மேல போகாம தரையோட தரையா ஃப்ரிட்ஜுக்கு அடில, மூலைல எல்லாம் தேங்கி நிக்கும், காத்துல சுமார் 2 சதவீதம் கலந்துட்டாலே பத்திக்கும். காலைல எழுந்து லைட் போடுறப்ப சுவிட்சுல வர்ற பொறியே போதும், ஃப்ரிட்ஜ் தானா ஆன் ஆகறது கூட போதும்.

சுரக்ஷா டியூப்புக்குள்ள ஸ்டீல் கம்பி இருக்கு, எலி அவ்ளோ சுலபமா கடிச்சிட முடியாது. கேஸ் டியூப்புக்கான இந்திய தர நம்பர் ஐஎஸ் 9573ம் ஐஎஸ்ஐ மார்க்கும் மேலயே இருக்கும். ஆயுசு 5 வருஷம், தேதியும் அடிச்சிருப்பாங்க, ஆனா எண்ணெய் பிசுக்குல எழுத்து அழிஞ்சிரும், மாட்டுறப்பவே ஃபோன்ல போட்டோ எடுத்து வைங்க.

குறைன்னா ரொம்ப விறைப்பு. நாசில்ல ஏத்துறதுக்குள்ள கை வலிச்சிரும், முனைய வெந்நில கொஞ்சம் வச்சா இளகும், நெருப்புல மட்டும் காட்டிடாதீங்க. முழுசா ஏத்திட்டு சோப்பு நுரை தடவுங்க, நுரைல குமிழி கிளம்பினா லீக். தீக்குச்சி கொளுத்தி லீக் பாக்குற வேலையே வேணாம். அழுக்காகுதுன்னு மேல துணி, பிளாஸ்டிக் எல்லாம் சுத்தாதீங்க, வெடிப்பு விட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. நீளம் பத்தலன்னா அடுப்ப கிட்ட நகத்துங்க, நடுவுல ஒட்டு போடக்கூடாது.

டியூப் புதுசா இருந்தாலும் சிலிண்டர் வாய்ல வாஷர் தேஞ்சிருந்தா அங்கயும் கசியும். அதனால வாசனை வந்தா அடுப்ப அணைச்சு, ரெகுலேட்டர மூடி, கதவு ஜன்னல் எல்லாத்தையும் திறந்து விடுங்க, எந்த சுவிட்சையும் போடவும் வேணாம் அணைக்கவும் வேணாம், எக்ஸாஸ்ட் ஃபேன் கூட வேணாம், வெளிய போயி 1906க்கு அடிங்க, 24 மணி நேரமும் எடுப்பாங்க.

5க்கு 4 ஸ்டார், விறைப்புக்கு ஒண்ணு குறைச்சாச்சு. இதே கலர்ல டூப்ளிகேட்டும் வருது, ஏஜென்சிலயே பில்லோட வாங்குங்க.