டெல்லிப் பள்ளியில் ஐந்து வருடம்: அந்த இருபது மார்க்

திருச்சியிலிருந்து மாற்றலாகி டெல்லிக்கு வரும் நண்பர் போனில் கேட்டது ஒரே கேள்விதான்: "உங்க பிள்ளைங்க படிக்கிற ஸ்கூல்ல என் பையனை ஒன்பதாம் வகுப்புல சேர்க்கலாமா?" அன்று பாதி பதில்தான் சொல்ல முடிந்தது. மீதி இங்கே.

பெரியவள் 2021இல் ஆறாம் வகுப்பில் சேர்ந்து, இந்த 2026 பிப்ரவரியில் பத்தாம் வகுப்பு போர்டு தேர்வு எழுதினாள். சின்னவன் அங்கேயே ஏழாம் வகுப்பு. பள்ளியின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. தெற்கு டெல்லியில் இருக்கும் சி.பி.எஸ்.இ. பள்ளி, தமிழ்ப் பிள்ளைகள் கணிசமாகப் படிக்கிறார்கள், அவ்வளவு போதும். கட்டணம், பஸ், கட்டடம் எல்லாம் விசாரித்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். விசாரித்தாலும் தெரியாத ஒன்று இருக்கிறது. அது இன்டர்னல் மார்க்.

பத்தாம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்துக்கும் 80 மார்க் போர்டு தேர்வு, 20 மார்க் பள்ளியின் கையில். அந்த இருபதும் நான்கு ஐந்துகளாகப் பிரியும்: பீரியாடிக் டெஸ்ட், வகுப்பில் பல விதமாகச் செய்யும் மதிப்பீடு, போர்ட்ஃபோலியோ (பிள்ளையின் வேலைகளைச் சேர்த்து வைக்கும் ஃபைல்), பாடத்தையொட்டிய செயல்பாடு. கடைசியாகச் சொன்னது மொழிப் பாடத்தில் கேட்டலும் பேசுதலும், கணக்கில் லேப் செயல்பாடு, அறிவியலில் பிராக்டிகல், சமூக அறிவியலில் வரைபடமும் புராஜெக்டும். ஊரில் பெரும்பாலான பள்ளிகளில் இது ஒரு சடங்கு. பைண்டு செய்த ஃபைலைக் கொடுத்தால் 19, அட்டையில் பளபளக் காகிதம் ஒட்டியிருந்தால் 20. பாஸ் மார்க் இரண்டும் சேர்த்து 33 என்பதால், இருபதையும் வாங்கிய பிள்ளை 80க்கு 13 எடுத்தாலே தேறிவிடும். எதற்காக இப்படி வாரிக் கொடுக்கிறார்கள் என்பது அந்தக் கணக்கிலேயே தெரிகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் தியரி மார்க்குக்கும் பிராக்டிகல் மார்க்குக்கும் பெரிய இடைவெளி இருப்பதைப் பார்த்து, 2024இல் சி.பி.எஸ்.இ. சுமார் 500 பள்ளிகளுக்கு மதிப்பீட்டு முறையைச் சரிபார்க்கச் சொன்னது.

இந்தப் பள்ளியில் வாரிக் கொடுப்பதில்லை. பெரியவள் வகுப்பில் 13, 14, 16 எல்லாம் சாதாரணம். 19 வாங்கிய பிள்ளை என்றால் நிஜமாகவே அந்தப் பாடம் தெரிந்த பிள்ளை.

எப்படிப் போடுகிறார்கள் என்பதைச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் இந்தப் பள்ளியில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். பீரியாடிக் டெஸ்ட் மூன்று நடக்கும், சிறந்த இரண்டின் சராசரியை ஐந்துக்கு மாற்றுவார்கள். கேள்வித்தாள் போர்டு தேர்வைவிடச் சற்றுக் கடினமாகவே இருக்கும். போர்ட்ஃபோலியோவில் அலங்காரத்துக்கு ஒரு மார்க்கும் கிடையாது. திருத்திய டெஸ்ட் பேப்பரை ஃபைலில் வைத்து, அடுத்த பக்கத்தில் மார்க் போன ஒவ்வொரு இடத்துக்கும் காரணம் எழுத வேண்டும். கேள்வியைத் தப்பாகப் படித்ததா, சூத்திரம் மறந்ததா, கைத்தவறா என்று பிரித்து எழுத வேண்டும். குவிலென்ஸ் கணக்கில் பொருளின் தொலைவுக்கு மைனஸ் போட மறந்தேன் என்று எழுதினால் மட்டும் போதாது, ஏன் மைனஸ் என்று படம் வரைந்து காட்டி, அதே மாதிரி இன்னொரு கணக்கையும் போட வேண்டும். "கவனக்குறைவு" என்று ஒற்றை வார்த்தையில் எழுதிய பக்கம் திரும்பி வந்துவிடும்.

புராஜெக்ட் வேலை சனிக்கிழமைகளில் பள்ளிக்குள்ளேயே. தெர்மாகோல் மாடல் வீட்டிலிருந்து வரக்கூடாது, கடையில் செய்து வாங்கியதும் கூடாது. முடித்த பிறகு ஐந்து நிமிடம் வாய்மொழிக் கேள்வி. சமூக அறிவியல் வரைபடத்தில் சலால் அணையிலிருந்து துங்கபத்ரா வரை குறித்துக் கொடுத்தால், எந்த அணை எந்த ஆற்றில், அங்கே ஏன் கட்டினார்கள் என்று கேட்பார்கள். பதில் வராவிட்டால் வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இரண்டு மார்க்தான்.

டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018 முதல் எட்டாம் வகுப்பு வரை மகிழ்ச்சி வகுப்பு என்று தனியாக ஒன்று நடந்தது. தனியார் பள்ளிகள் நன்னெறி பீரியட் என்று வாரத்துக்கு ஒன்று வைத்து, அதைக் கணக்கு டீச்சருக்குக் கடன் கொடுத்துவிடுவார்கள். இங்கே அப்படி ஒரு பீரியடே கிடையாது. நுழைவாயிலில் "சத்யமேவ ஜயதே" என்று பெரிதாக எழுதியிருக்கிறது, எல்லாப் பள்ளியிலும் எழுதித்தான் இருக்கும். பதினான்குக்குப் படித்த பிள்ளைக்குப் பதினான்கு என்று எழுதும் துணிவில்தான் அந்த வாசகத்துக்கு இங்கே அர்த்தம் வருகிறது. தன் தவறைத் தானே பக்கம் பக்கமாக எழுதிப் பழகிய பிள்ளைகள் மார்க் குறைந்தால் டீச்சரைத் திட்டுவதில்லை, பேப்பரை எடுத்துப் பார்க்கிறார்கள். காசு கொடுத்து வாங்க முடியாத பழக்கம் அது.

இனி எரிச்சல்.

பதினான்கு என்று போடுகிறீர்கள், சரி. எதற்கு எத்தனை என்று முதலிலேயே எழுத்தில் கொடுங்கள் என்றுதான் பெற்றோர்கள் கேட்கிறோம். ஐந்து வருடமாகக் கிடைக்கவில்லை. விதிகளை வகுப்பில் வாயால் சொல்கிறார்கள், அதுவும் பாதி ஹிந்தியில். கரும்பலகையில் எழுதுவது ஆங்கிலம், விளக்குவது ஹிந்தி. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த பிள்ளைக்குத் திருத்தப் பக்கத்தை எந்தத் தேதிக்குள் வைக்க வேண்டும் என்பதே பிடிபடாது. பாடம் புரியாவிட்டால் புத்தகம் இருக்கிறது. விதி புரியாவிட்டால் பார்த்துக்கொள்ள எதுவும் இல்லை. ஒரே ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தால் தீர்ந்துவிடும் பிரச்சினை.

இரண்டாவது, வராத நாளுக்குப் பூஜ்யம். நவம்பரில் டெல்லிக் காற்று கெட்டு, பாதி வகுப்பு இருமிக்கொண்டு வீட்டில் கிடக்கும். காற்றின் தரம் மிக மோசமானால் அரசே வகுப்புகளை ஆன்லைனுக்கு மாற்றச் சொல்லும். அந்த நாட்களில் நடந்த குவிஸுக்கும் வாய்மொழிக் கேள்விக்கும் மறுவாய்ப்புக் கொடுப்பதில்லை. ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு டாக்டர் சான்றிதழ் கொடுத்தால் வருகைப் பதிவில் சேர்த்துக்கொள்கிறார்கள், மார்க்கில் சேர்த்துக்கொள்வதில்லை. நேர்மை என்ற பெயரில் செய்யும் அநியாயம் இது.

மூன்றாவது, நேரம். பத்தாம் வகுப்பு இன்டர்னல் மார்க்கைப் பள்ளிகள் ஜனவரி 1 முதல் பிப்ரவரி 14 வரை போர்டின் தளத்தில் ஏற்றுகின்றன. ஏற்றியபின் மாற்ற முடியாது. டெல்லியில் ஜனவரி முதல் பாதி குளிர் விடுமுறை. ஆக, டிசம்பரில் நடக்கும் பெற்றோர்-ஆசிரியர் கூட்டம்தான் கடைசி வாய்ப்பு, அன்றைக்கு ஃபைலை மேசையில் வைத்து எண்ணை எழுத்தில் வாங்காவிட்டால் பிறகு யாரைக் கேட்டும் பயனில்லை. 2026 முதல் போர்டு தேர்வு இரண்டு முறை: பிப்ரவரியில் எல்லோரும் எழுத வேண்டும், மே மாதம் மூன்று பாடங்கள் வரை எழுதி மார்க்கைக் கூட்டிக்கொள்ளலாம். இன்டர்னல் மட்டும் ஒரே முறை. 80க்குத் திருத்திக்கொள்ள வழி உண்டு, அந்த இருபதுக்கு இல்லை.

எல்லாவற்றையும்விட ஆத்திரம் தருவது பதினோராம் வகுப்பு சேர்க்கை. அறிவியல் குரூப்புக்கு இந்தப் பள்ளி போர்டு சதவீதத்தைப் பார்த்தே இடம் தருகிறது, தன் பிள்ளை, வெளிப் பிள்ளை என்ற வித்தியாசம் இல்லாமல். பாடத்துக்கு ஆறு மார்க் குறைந்தால் ஐந்து பாடத்துக்கு முப்பது, 500க்கு முப்பது என்றால் ஆறு சதவீதம். அந்த ஆறு சதவீதத்தை இலவசமாக வாங்கிக்கொண்டு வெளியிலிருந்து வரும் பிள்ளைக்கு இடம் கிடைக்கும். இங்கேயே ஐந்து வருடம் தன் தவறுகளை எழுதி எழுதித் தேறிய பிள்ளை காத்திருப்போர் பட்டியலில் நிற்கும். தியரி மார்க்கை மட்டும் பாருங்கள், அல்லது ஒரு நுழைவுத் தேர்வு வையுங்கள் என்று எத்தனையோ பெற்றோர்கள் சொல்லிப் பார்த்தாயிற்று. உண்மைக்காகத் தன் பிள்ளைகளை விலை கொடுக்க வைக்கும் பள்ளி, அந்த விலையில் ஒரு பங்கையாவது தான் சுமக்க வேண்டாமா?

மற்ற விஷயங்கள் சுருக்கமாக. விளையாட்டு பீரியட் விளையாட்டுக்கே. மார்ச் மாதம்கூட அதைப் பிடுங்குவதில்லை. ஆறாவது பாடமாகத் திறன் பாடம் ஒன்று எடுக்கலாம், தகவல் தொழில்நுட்பம் (பாட எண் 402) அல்லது செயற்கை நுண்ணறிவு (417). எடுப்பது நல்லது. அறிவியல், கணக்கு, சமூக அறிவியல் மூன்றில் ஒன்றில் தவறினாலும் அதன் இடத்தில் இது உட்கார்ந்துகொள்ளும். பெரியவள் எழுதியபோது கணக்கில் ஸ்டாண்டர்டு (041), அதைவிட எளிதான பேசிக் (241) என்று இரண்டு தாள். புத்தகமும் வகுப்பும் ஒன்றே, தேர்வுத்தாள் மட்டும் வேறு. பதினொன்றில் கணக்கு எடுக்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் ஸ்டாண்டர்டையே எழுத வையுங்கள். பத்தாம் வகுப்பில் பெயர்ப் பட்டியல் அனுப்பும்போது இந்த எண்கள் மாறிப்போவது எந்தப் பள்ளியிலும் நடக்கும், எண்ணை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

தமிழ் (006) இங்கே உண்டு, தமிழ்நாட்டுப் பாடநூல்தான். பெரியவள் படித்தபோது ஒன்பது, பத்தில் இரண்டு மொழிகள் மட்டுமே. ஆகவே ஆங்கிலமும் தமிழும் எடுத்தால் ஹிந்தி மார்க் ஷீட்டில் வராமலே முடித்துவிட முடிந்தது. தமிழ் ஆசிரியை பேசுதல் தேர்வை மனப்பாடப் பேச்சாக நடத்துவதில்லை. அன்றைய செய்தித்தாளில் ஒரு பத்தியைக் கொடுத்து, சொந்த வார்த்தையில் சொல் என்கிறார். சரோஜினி நகர் சந்தையில் தமிழையும் ஹிந்தியையும் கலந்து பேசி வளரும் பிள்ளைகள் முழு வாக்கியமாகத் தமிழ் பேசுவதை அந்த வகுப்பில்தான் கேட்க முடிகிறது.

படிப்பதில், எழுதுவதில் சிரமப்படும் பிள்ளைகளுக்கு உதவும் ரிசோர்ஸ் ரூம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிறப்பாசிரியர் ஒருவர் முழுநேரமாக இருக்கிறார். டிஸ்லெக்சியா சந்தேகம் இருந்தால் எட்டாம் வகுப்பிலேயே பெற்றோரை அழைத்துப் பேசி, அரசு மருத்துவமனைச் சான்றிதழுக்கு வழிகாட்டுகிறார்கள். இது முக்கியம், ஏனென்றால் ஒன்பதாம் வகுப்புப் பதிவின்போதே இந்த விவரம் போர்டுக்குப் போவது நல்லது. பத்தாம் வகுப்பில் சான்றிதழுக்கு அலைந்தால் தேதி தவறிவிடும். சலுகைகள் கணிசமானவை: மணிக்கு 20 நிமிடம் வீதம் மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதல், தேவைப்பட்டால் எழுதித் தர ஆள், இரண்டு மொழிக்குப் பதில் ஒரு மொழி. இந்த விஷயத்தில் எந்தக் குறையும் சொல்ல எனக்கு வாய் வராது. அந்த ஆசிரியர் கூடுதல் நேரத்தைப் பள்ளித் தேர்வுகளிலும் கொடுத்துப் பழக்குகிறார். போர்டு தேர்வில் திடீரென்று கிடைக்கும் ஒரு மணி நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் பிள்ளைகள் விழிப்பதில்லை.

நண்பருக்கு: தமிழ்நாட்டில் ஜூனில் திறப்பார்கள் என்ற நினைப்போடு வராதீர்கள். இங்கே வகுப்பு ஏப்ரலில் தொடங்கி, மே நடுவிலிருந்து ஜூன் முடிய விடுமுறை. ஜூலையில் வந்து சேரும் பிள்ளைக்கு முதல் டெஸ்டுக்கான பாடம் முடிந்திருக்கும். ஸ்டேட் போர்டு டி.சி.யில் மாவட்டக் கல்வி அலுவலரின் மேலொப்பத்தை ஊரைவிட்டுக் கிளம்பும் முன் வாங்கிவிடுங்கள், டெல்லியிலிருந்து அதற்கென்று ரயில் ஏற வேண்டியிருக்கும். மாணவர் விவரங்களைப் பதியும் மத்திய அரசின் யுடைஸ் தளத்தில் பழைய பள்ளி பையனை விடுவித்ததா என்று பாருங்கள். நிரந்தரக் கல்வி எண்ணைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்க்கலாமா என்றால், ஒன்பதாம் வகுப்பில் வேண்டாம். விதி பிடிபடும் முன்பே ஒரு வருடம் ஓடிவிடும், பத்தாம் வகுப்பில் அந்த ஆறு சதவீதம் போகும், பதினொன்றில் இடமும் கிடைக்காது. பெரியவளின் மார்க் ஷீட் மேசைமேல் இருக்கும்போது என் வாயில் வேறு பதில் வராது. சின்னவனை வேறு பள்ளிக்கு மாற்றலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. மாற்றவில்லை. போன வாரம் அவன் கணக்கு டெஸ்ட் பேப்பர் வந்தது, 40க்கு 22. யாரும் சொல்லாமலே அடுத்த பக்கத்தைத் திருப்பி, "மூன்றாவது கேள்வி: பின்னத்தை வகுக்கும்போது தலைகீழாக்க மறந்தேன்" என்று எழுத ஆரம்பித்துவிட்டான்.