குவிக்ஃபாக்ட்ஸ்: பிள்ளை வேலைக்குப் போகிற கவுண்டி எப்படிப்பட்டது என்று பார்க்க

டாக்டர் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். நம் கடலூர், புதுச்சேரி பக்கம் எம்பிபிஎஸ் முடித்து, அமெரிக்காவில் ஜே-1 விசாவில் ரெசிடென்சி என்ற மருத்துவமனை மேற்பயிற்சி செய்கிறவர்கள் அது முடிந்ததும் இரண்டு வருடம் ஊர் திரும்பி இருந்தாக வேண்டும். டாக்டர் பற்றாக்குறை உள்ள இடத்தில் மூன்று வருடம் வேலை பார்க்கிறேன் என்று ஒப்புக்கொண்டால் அதிலிருந்து விலக்கு உண்டு, ஒரு மாநிலத்துக்கு வருடத்துக்கு 30 பேர் என்று கணக்கு. அப்படித்தான் பெயரே கேள்விப்படாத கிராமத்துக் கவுண்டிகளுக்கு (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) நம் பிள்ளைகள் போய்ச் சேருகிறார்கள். என் அக்கா பையனுக்கு கேன்சஸ் மாநிலத்தின் மேற்கில் இரண்டு மூன்று இடங்களில் பேச்சு நடக்கிறது. "ஏண்டா தம்பி, அங்க மனுஷங்க இருக்காங்களா?" என்று அக்கா கேட்டதும் நான் போனது குவிக்ஃபாக்ட்ஸுக்கு, அமெரிக்க சென்சஸ் பீரோ இடம் இடமாக மக்கள் கணக்கைப் போட்டு வைக்கும் இணையச் சேவை அது. காசு கிடையாது, லாகின் கிடையாது, போனிலேயே திறக்கும்.

மேற்கு கேன்சஸில் மக்கள்தொகையில் மிகச் சின்னதான கிரீலி கவுண்டியை எடுத்தேன். கேன்சஸின் 105 கவுண்டிகளில் ஆள் மிகக் குறைவு இங்கேதான், 2020 சென்சஸ்படி 1,284 பேர். பரப்பு 778 சதுர மைல், அதாவது இரண்டாயிரம் சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நம் கடலூர் மாவட்டம் 3,678 சதுர கிலோமீட்டர், 2011 கணக்கில் 26 லட்சம் பேர். இங்கே சதுர கிலோமீட்டருக்கு 700 பேருக்கு மேல் இருக்கிறோம், அங்கே முழுசாக ஒருவர்கூட வரவில்லை.

இந்த எண்ணைக் கேட்டதும் அக்கா பயந்துவிட்டார். ஆனால் டாக்டர் வீட்டுக்காரர்கள் பார்க்க வேண்டிய வரிகள் இன்னும் கீழே இருக்கின்றன. 65 வயது தாண்டியவர்கள் எத்தனை சதவீதம், 65-க்குக் கீழே மருத்துவக் காப்பீடு இல்லாதவர்கள் எத்தனை சதவீதம், வீட்டில் ஆங்கிலம் இல்லாத மொழி பேசுகிறவர்கள் எவ்வளவு என்று மூன்றும் அங்கேயே இருக்கிறது. நாளைக்கு அவனிடம் வரப்போகிற நோயாளிகள் யார் என்பது இதிலேயே பாதி தெரிந்துவிடும். பக்கத்துக் கவுண்டிகளையும் சேர்த்து ஆறு இடங்கள் வரை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், தனியாக ஒரு சதவீதத்தைப் பார்த்தால் ஒன்றும் புரியாது.

சரி, கவனமாக இருக்க வேண்டிய இடம். வருமானம், மொழி மாதிரியான வரிகள் எல்லோரையும் எண்ணி எடுத்தவை அல்ல, மாதிரிக் கணக்கெடுப்பில் வந்தவை. 65,000 பேருக்குக் குறைவான இடங்களுக்கு ஒரு வருடத்து மாதிரி போதாது என்பதால் ஐந்து வருடத்தைச் சேர்த்துத்தான் வெளியிடுகிறார்கள். ஆயிரத்துச் சொச்சம் பேர் உள்ள ஊரில் நாலைந்து குடும்பம் மாதிரியில் விழுந்தாலும் விழாவிட்டாலும் சதவீதம் ஏறி இறங்கும். அதனால் 9, 11 என்கிற வித்தியாசத்தை வைத்து ஓர் ஊரை ஒதுக்கிவிடாதீர்கள். 2020 சென்சஸில் தனிநபர் அடையாளம் தெரியாமல் இருக்க எண்களில் வேண்டுமென்றே சின்னச் சின்ன மாற்றம் செய்திருக்கிறார்கள், மாநில மொத்தம் மாறாது, கவுண்டி மொத்தம் கொஞ்சம் நகரும். வியாபாரக் கணக்கு வரிகளில் எண்ணுக்குப் பதில் 'டி' என்ற எழுத்து மட்டும் நின்றால் குழம்ப வேண்டாம், எண்ணைப் போட்டால் யாருடைய கடை என்று தெரிந்துவிடும் என்பதால் மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

குறை என்றால், ஊர் எப்படிப் பிழைக்கிறது என்பது இதில் வராது. 5,000 பேருக்குக் குறைவான ஊர்களுக்குத் தனிப் பக்கம் இல்லாததால் கவுண்டித் தலைநகரான டிரிப்யூனைக்கூடத் தேட முடியாது. நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகை ஆசிரியர் ஹொரேஸ் கிரீலியின் பெயரில்தான் கவுண்டி, அவர் பத்திரிகை பெயரில் ஓர் ஊர், பக்கத்திலேயே ஹொரேஸ் என்று இன்னோர் ஊர். கோதுமை விளைகிற பூமி. அடியில் உள்ள ஓகல்லாலா நிலத்தடி நீர், ஊறுவதைவிட வேகமாக இறைப்பதால் மேற்கு கேன்சஸில் வருடக்கணக்காக இறங்கிக்கொண்டிருக்கிறது. நெய்வேலிச் சுரங்கம் நீரை இறைப்பதைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெரிய இயந்திரம் வர வர விவசாயத்துக்கு ஆள் தேவை குறைந்து பிள்ளைகள் வெளியேறுகிற ஊர்கள் இவை. கிரீலியிலும் 2000-இல் 1,534 பேர், 2010-இல் 1,247. அதற்கப்புறம் 1,284 என்று சற்று ஏறியிருப்பதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இந்த விஷயத்தில் நம் சென்சஸின் மாவட்டக் கையேடு மேல். கிராமம் கிராமமாகப் பள்ளிக்கூடம் உண்டா, குடிநீர் எங்கிருந்து, பஸ் வருமா, ஆரம்ப சுகாதார நிலையம் எத்தனை தூரம் என்று போட்டிருப்பார்கள். ஆனால் நம்மிடம் இருப்பது இன்னும் 2011 கணக்கு, அடுத்தது 2027-இல்தான். அவர்கள் மக்கள்தொகை மதிப்பீட்டை வருடா வருடம் புதுப்பிக்கிறார்கள்.

கடைசியாக, போன் பேசுகிறவர்களுக்கு. கேன்சஸில் கிரீலி உட்பட மேற்கு ஓரத்து நான்கு கவுண்டிகளுக்கு மட்டும் மவுண்டன் நேரம், மாநிலத்தின் மற்ற பகுதியைவிட ஒரு மணி நேரம் பின்னால். இதையும் குவிக்ஃபாக்ட்ஸ் சொல்லாது. நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் கோடையில் பதினொன்றரை மணி, குளிர்காலத்தில் பன்னிரண்டரை.