பெயரில்லாத மிக் டார்ச்: பின்செல்லா, ட்வெகோவா, பானாசோனிக்கா?

பழைய வெல்டிங் மெஷினோடு சேர்ந்து வரும் மிக் டார்ச்சில் (வயரையும் கேஸையும் முனைக்குக் கொண்டுவரும் கைப்பிடிக் கருவி) பெரும்பாலும் பெயர் இருக்காது. ஸ்டிக்கர் உரிந்திருக்கும், யாராவது கைப்பிடியை மாற்றியிருப்பார்கள், இல்லையென்றால் வந்தபோதே மொட்டையாக வந்திருக்கும். தயாரித்தவர் பெயரும் மாடலும் டார்ச்சிலேயே இருக்க வேண்டும் என்று ஐஇசி 60974-7 என்ற தரநிலை சொல்கிறது. மலிவு டார்ச் செய்பவர்கள் அதையெல்லாம் கண்டுகொள்வதில்லை. அதனால் "இது யார் செய்தது?" என்று தேடினால் பல நேரம் பதிலே கிடைக்காது, கிடைத்தாலும் பெரிய பயன் இல்லை. அதில் மாட்டும் உதிரிச் சாமான் எந்த வகை என்று தெரிந்தால் போதும். கண்ணில் படும் பெயரில்லாத டார்ச்சுகளில் பெரும்பகுதி மூன்று வகைக்குள் அடங்கிவிடும்: ஜெர்மனியின் பின்செல், அமெரிக்காவின் ட்வெகோ, ஜப்பானின் பானாசோனிக். அசலாக இருக்கலாம், நகலாகவும் இருக்கலாம்.

முதலில் ஒன்று. பலரும் மெஷினில் சொருகும் பின்பக்கத்தைப் பார்த்து வகையை முடிவு செய்கிறார்கள். அது ஏமாற்றும். நடுவில் கேஸும் வயரும் போகும் பித்தளைக் குழாய், பக்கத்தில் டிரிக்கருக்கு இரண்டு பின், இப்படி இருந்தால் யூரோ கனெக்டர். ஆனால் யூரோ கனெக்டரை எந்த டார்ச்சுக்கும் மாட்டலாம், அடாப்டரும் விற்கிறார்கள். பின்பக்கம் யூரோ, முன்பக்கம் ட்வெகோ என்று கலந்து வருவதும் உண்டு. எனவே நாசிலை (முனையில் கேஸ் வெளிவரும் குழல்) கழற்றி முன்பக்கத்திலிருந்து தொடங்குவதுதான் சரி.

நாசிலை இழுத்தால் கையோடு வந்துவிடுகிறதா? உள்ளே கழுத்தைச் சுற்றி ஒரு சின்ன ஸ்பிரிங் தெரிகிறதா? அப்படியானால் அது பின்செல் வகையில் எம்பி 15 அல்லது எம்பி 25 ஆகத்தான் இருக்கும். இரண்டையும் பிரிக்க ஸ்கேல் போதும். எம்பி 15 நாசில் 53 மி.மீ. நீளம், டிப் (நாசிலுக்குள் வயருக்குக் கரண்ட் கொடுக்கும் செம்புத் துண்டு) 25 மி.மீ. எம்பி 25 நாசில் 57, டிப் 28. இரண்டிலும் டிப்பின் மரை எம்6, அதாவது 6 மி.மீ. விட்டம். நாசில் மட்டும் 84 மி.மீ. நீளமாக இருந்து, உள்ளே கேஸைப் பரப்பும் துளை போட்ட டிஃப்யூசர் தனியாகக் கழன்று வந்தால் எம்பி 36. அதில் 28 மி.மீ. எம்6 டிப்பும் போடுவார்கள், 30 மி.மீ. எம்8 டிப்பும் போடுவார்கள்.

இந்த எண்களைச் சரியாகப் பிடிப்பது ஏன் முக்கியம் என்றால், டார்ச் எவ்வளவு கரண்ட் தாங்கும் என்பதும் அதிலேயே இருக்கிறது. அசல் எம்பி 15, கார்பன் டை ஆக்சைடில் 180 ஆம்பியர். எம்பி 25, 230. எம்பி 36, 300. எல்லாமே 60 சதவீத டியூட்டி சைக்கிளில், அதாவது பத்து நிமிடத்துக்கு ஆறு நிமிடம் ஓட்டும்போது. ஆர்கான் கலந்த கேஸ் போட்டால் இவை 150, 200, 270 என்று இறங்கிவிடும். அந்தக் கேஸில் டார்ச் அதிகமாகச் சூடேறும். பெயரில்லாத நகலுக்கு இந்த எண்களை அப்படியே நம்பாதீர்கள். ஒரு படி கீழே வைத்துக்கொள்வதுதான் என் வழக்கம்: எம்பி 25 போலத் தெரிந்தால் எம்பி 15 போல ஓட்டுவேன்.

ட்வெகோவில் அந்த ஸ்பிரிங் இருக்காது. பித்தளை டிஃப்யூசர், அதன் மேல் இன்சுலேட்டர், அதற்கு மேல் நாசில். 1936 முதல் இருக்கும் பெயர் இது. 2014-ல் ஈசாப் என்ற வெல்டிங் நிறுவனத்தின் குடையின் கீழ் வந்தது. டிப்பில் 14-35, 14-45 என்று பொறித்திருந்தால் வேலை முடிந்தது. முதல் எண் டிப் வகை, இரண்டாவது வயர் அளவு, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காக. 35 என்றால் 0.9 மி.மீ. வயர். சின்ன டார்ச்சில் 11 என்று தொடங்கும், நாசிலும் 21-ஆக இருக்கும். லிங்கன் நிறுவனத்தின் மேக்னம் 100எல் டார்ச்சும் இந்த 11 வகை டிப்பைத்தான் எடுக்கும். கைப்பிடியில் ஒரு பெயர், முன்பக்கத்தில் இன்னொருவர் சாமான். தயாரிப்பாளர் பெயரை மட்டும் துரத்தினால் இங்கேதான் சுற்றிச் சுற்றி வருவோம்.

டிப்பில் எழுத்து அழிந்திருந்தால் வெர்னியரை எடுங்கள். ட்வெகோ 14 வகையின் மரை கால் அங்குலம், அங்குலத்துக்கு 27 மரை. மி.மீ.-ல் சொன்னால் விட்டம் 6.35, மரை இடைவெளி 0.94. எம்6-க்கு விட்டம் 6, இடைவெளி 1. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ட்வெகோ டிப் எம்6 ஓட்டையில் ஏறவே ஏறாது, அதனால் அந்தப் பக்கம் ஆபத்து இல்லை. எம்6 டிப்பை ட்வெகோ டிஃப்யூசரில் போட்டால்தான் வம்பு: உள்ளே போய் நிற்கும், ஆனால் விரலால் அசைத்தால் ஆடும். தொடர்பு சரியில்லாத இடத்தில் சூடேறும், வயர் டிப்போடு ஒட்டிக்கொள்ளும், நாம் வயரைத் தள்ளும் ஃபீடரைத் திட்டிக்கொண்டிருப்போம். தேய்ந்த டிப்பில் வெர்னியர் 5.9-க்குப் பக்கமாகக் காட்டினால் எம்6, 6.2-க்கு மேல் போனால் ட்வெகோ.

பானாசோனிக் வகையை அடையாளம் காண இவ்வளவு பாடு வேண்டாம். டிப் 45 மி.மீ. நீளம். மரை எம்6 தான், ஆனால் பின்செல் டிப்பின் பக்கத்தில் வைத்தால் கிட்டத்தட்ட இரட்டிப்பாகத் தெரியும். நாசில் இழுத்தால் வராது, திருகிக் கழற்ற வேண்டும். 200, 350, 500 ஆம்பியர் என்று பிரித்துத்தான் கேட்பார்கள், கொடுப்பார்கள். ஓடிசி என்ற இன்னொரு ஜப்பான் நிறுவனத்தின் டார்ச்சிலும் இதே 45 மி.மீ. டிப் வருவதால் இந்த இரண்டில் எது என்று குழம்பினால், டிப்பைப் பொறுத்தவரை கவலை இல்லை. நாசிலையும் இன்சுலேட்டரையும் மட்டும் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

சரி, மூன்றில் எது கையில் இருந்தால் நல்லது? லேசான தகடு, கேட், கிரில் வேலைக்கு எம்பி 15 அல்லது 25. சாமான் மலிவு, எந்த வெல்டிங் கடையிலும் கிடைக்கும், நாசிலைச் சட்டென்று கழற்றிச் சுத்தம் செய்யலாம். குறை, அந்த ஸ்பிரிங் தளர்ந்தால் நாசில் வேலைக்கு நடுவே நழுவும். நாள் முழுக்க 1.2 மி.மீ. வயரில் கனமான வேலை என்றால் என் ஓட்டு பானாசோனிக் 350-க்கு. ட்வெகோ உறுதியில் குறைந்ததில்லை, ஆனால் நம்மூரில் சாமானுக்கு அலைய வேண்டியிருக்கும். அமெரிக்க மெஷினோடு வந்திருந்தால் வைத்துக்கொள்ளலாம், தேடிப்போய் வாங்க வேண்டாம்.

மூன்றிலும் சேராத டார்ச் வந்தால் அமெரிக்காவின் மில்லர் நிறுவனத்துப் பழைய எம் வகையா என்று ஒருமுறை பாருங்கள். அதன் டிப்புக்கு 000068 போன்ற எண்கள். அதுவும் இல்லை என்றால் அதோடு மல்லுக்கட்டாமல், மெஷினில் யூரோ சாக்கெட் இருக்கும்பட்சத்தில் புதிதாக ஒரு எம்பி 25 வாங்கிவிடலாம். வாங்கும்போது லைனர் (வயர் ஓடும் உள்குழாய்) நிறத்தைக் கேளுங்கள்: 0.8 வயருக்கு நீலம், 1.2-க்கு சிவப்பு.