நான்கு கோடை, இரண்டு குடை, கழுத்தில் மாட்டிய ஒரு விசிறி

நில அளவை என் தொழில். வேலை முக்கால்வாசி வெட்டவெளியில்தான். ஸ்டாண்டின் மேல் டோட்டல் ஸ்டேஷனை (தூரமும் கோணமும் அளக்கும் கருவி) ஏற்றி மட்டம் பார்த்துவிட்டால், அந்த இடத்து வேலை முடிகிறவரை நகர முடியாது. எங்கள் சாமான்களில் முதல் நாளிலிருந்தே ஒரு பெரிய குடை உண்டு, ஆனால் அது ஆளுக்கு இல்லை, கருவிக்கு. ஸ்டாண்டில் ஒரு பக்கம் மட்டும் வெயில் அடித்தால் மட்டம் காட்டும் குமிழி மெதுவாக நகர்ந்துவிடும், அளவு தப்பும். அதனால் கருவி நிழலில் இருக்கும், நான் வெயிலில் நிற்பேன்.

இப்படி நான்கு கோடையைத் தள்ளியாகிவிட்டது. வெயிலைச் சமாளிக்க வாங்கியதும் கடன் வாங்கியதுமாக நிறையப் பொருள்கள் கைமாறின. இன்றைக்கும் பையில் இருப்பது எது, அலமாரியில் தூங்குவது எது என்று சொல்கிறேன்.

முதலில் வாங்கியது கழுத்து விசிறி. 'இறக்கை இல்லாதது' என்று அட்டையில் போட்டிருந்தது. உள்ளே சின்ன இறக்கைகள் சுற்றத்தான் செய்கின்றன, வெளியே தெரியாது, அவ்வளவுதான். பேட்டரி 4000 எம்ஏஎச். புதிதில் முழு வேகத்தில் இரண்டரை மணி நேரம் ஓடியது, மூன்றாம் கோடையில் ஒரு மணி நேரத்தைத் தாண்டவில்லை. அதில் என் தப்பும் இருக்கிறது. வேலை முடிந்ததும் கழற்றி வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே போட்டுவிடுவேன். பூட்டிய வண்டிக்குள் வெயிலில் கிடந்தால் எந்த லித்தியம் பேட்டரிக்கும் ஆயுசு குறையும்.

சரி, குளிர்ச்சி தருகிறதா? காலை பத்துப் பதினோரு மணிவரை நன்றாகவே தருகிறது. நம் தோலின் சூடு ஏறத்தாழ 35 டிகிரி. காற்று அதைவிடக் குறைவாக இருக்கும்போது விசிறி இரண்டு வேலை செய்கிறது: வியர்வையை உலர்த்துகிறது, தோலின் சூட்டையும் அள்ளிக்கொண்டு போகிறது. காற்று அதற்கு மேல் சூடாகிவிட்டால் இரண்டாவது வேலை தலைகீழாகிவிடும், விசிறியே சூட்டைக் கொண்டுவந்து கொட்டும். 40 டிகிரிக்கு மேல் மின்விசிறியை நம்பாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதனால்தான். 38, 39 டிகிரி நாட்களில் எனக்கு அது தலைமுடி உலர்த்தும் கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. கழுத்தை நனைத்துவிட்டு ஓடவிட்டால் மட்டும் பரவாயில்லை.

இன்னொரு தொந்தரவு, இரைச்சல். காதுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் இரண்டு மோட்டார் ஓடுகிறது. ஒரு நாள் ப்ரிசம் (கருவியின் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி) பிடிக்கும் தம்பி வாக்கி டாக்கியில் அதை மாட்டிய கம்பின் உயரத்தை மீட்டர் கணக்கில் "ஒண்ணு ஏழு" என்று சொன்னது என் காதில் "ஒண்ணு ஆறு" என்று விழுந்தது. சாயங்காலம் கணக்குப் போட்டால் ஒரு வரிசைப் புள்ளிகள் மொத்தமும் பத்து சென்டிமீட்டர் ஏறி நிற்கின்றன. மறுநாள் அதே வெயிலில் அதே வேலையைத் திரும்பச் செய்தோம்.

அடுத்தது கழுத்து வளையம். வளையல் மாதிரி வளைந்த பிளாஸ்டிக் குழாய்க்குள் 28 டிகிரியில் உருகும் ஒரு பொருள் இருக்கும். உறைய வைக்க ஃப்ரீசர்கூட வேண்டாம், ஐஸ் தண்ணீரில் கொஞ்ச நேரம் கிடந்தாலே கெட்டியாகிவிடும். உருகி முடிக்கும்வரை தன் சூட்டை 28-லேயே வைத்திருக்கும், ஐஸ் மாதிரி தோலைக் கடிக்காது. போட்ட நிமிடம் சுகம் என்றால் அப்படி ஒரு சுகம். என் அனுபவத்தில் நிழலில் ஒன்றரை மணி நேரம், நேர் வெயிலில் நாற்பது நிமிடம் வரும். உருகி முடித்தபின் வெதுவெதுப்பான குழாய் ஒன்று கழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்.

என்னைக் கவிழ்த்தது இந்த வளையம்தான். இரண்டாம் கோடையில் ஒரு நாள் வளையத்தையும் விசிறியையும் சேர்த்து மாட்டிக்கொண்டு நின்றேன். ஒரு வளையம் உருகினால் ஐஸ் பெட்டியில் இன்னொன்று தயார். கழுத்து ஜில்லென்று இருந்ததால் வெயிலே உறைக்கவில்லை. தண்ணீர் குடிக்கத் தோன்றவில்லை, உட்காரத் தோன்றவில்லை, இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது. அப்புறம் கையில் மயிர்க்கூச்சு எடுத்தது. அந்த வெயிலில் குளிர்வது மாதிரி இருந்தது. திரையில் இருந்த எண்ணை மூன்று முறை படித்தேன், மண்டையில் ஏறவில்லை. "அண்ணே, நீங்க பேசுறது சரியில்லை, உட்காருங்க" என்று தம்பிதான் இழுத்துக்கொண்டு போய் மரத்தடியில் உட்கார வைத்து, சட்டையோடு சேர்த்துத் தண்ணீரை ஊற்றி, ஓர் அட்டையால் விசிறினான். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டேன். ஆனால் வெயிலில் பேச்சு உளறினாலே அது வெப்ப மயக்கத்தைத் தாண்டிய நிலையாக இருக்கலாம். தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன்: கழுத்தைக் குளிர வைத்தால் 'சூடு குறைந்துவிட்டது' என்ற உணர்வு வரும், உள்ளுடம்பின் சூடு பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். விளையாட்டு வீரர்களை வைத்துச் செய்த ஆய்வுகளிலும் இதுதான் தெரிந்திருக்கிறது. வெயில் குறைவாகத் தெரிவதால் கூடுதல் நேரம் ஓடுகிறார்கள். உடம்பு அடிக்கும் மணியை நானே பஞ்சு வைத்து அடைத்திருக்கிறேன். இப்போது வளையம் ஓய்வு நேரத்துக்கு மட்டும்.

குளிர்த் துண்டு என்று குழாய் டப்பாவில் ஈரத்தோடு வருமே, அதுவும் வாங்கினேன். காய்ந்தால் அட்டை மாதிரி விறைத்துவிடும், நனைத்தால் மெத்தென்று ஆகும். விடுமுறையில் டப்பாவுக்குள் ஈரத்தோடு மூடி வைத்து மறந்துவிட்டேன். திறந்தால் கரும்புள்ளிகளும் நாற்றமும். அன்றோடு சாதாரண மெல்லிய பருத்தித் துண்டுக்கு மாறினேன், எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஈரத் துண்டின் பலம் கணக்கில்தான் புரியும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது இழுத்துக்கொள்ளும் வெப்பம் 334 கிலோஜூல். ஒரு லிட்டர் தண்ணீர் தோலின் மேல் ஆவியாகும்போது இழுப்பது சுமார் 2,400. ஏழு மடங்கு! ஐஸ் பெட்டி சுமந்து திரிந்ததை நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் ஆவியானால்தான் இந்தக் கணக்கு. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் துண்டு காயாது, சூடான ஈரப் போர்வையாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதனால் துண்டே எனக்கு அளவுகோல். அரை மணி நேரத்தில் ஓரம் காய்ந்திருந்தால் வேலையைத் தொடரலாம். சொட்டச் சொட்ட அப்படியே இருந்தால், தெர்மாமீட்டர் எவ்வளவு குறைவாகக் காட்டினாலும் ஓய்வைக் கூட்ட வேண்டிய நாள். 1950-களில் அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாம்களுக்காக உருவாக்கிய வெப்ப அளவீட்டில், ஈரத் துணி சுற்றிய தெர்மாமீட்டருக்கு 70 சதவீத மதிப்பு. வெறும் காற்றுச் சூட்டுக்குப் பத்தே சதவீதம்தான்.

குளிர்ப் பொதிகள் செருகிய உள்சட்டை ஒன்றை ஒரு வாரம் கடன் வாங்கிப் போட்டேன். இரண்டு கிலோ பாரம். குனிந்து நிமிர்கிற வேலைக்கு ஆகாது. உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு ஒத்துவரலாம்.

உடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தளர்வான முழுக்கைச் சட்டை, காலர் வைத்தது. நிறத்தை நான் பார்ப்பதில்லை. பாலைவனத்து நாடோடிகளான பெதுவின்கள் ஏன் கறுப்பு அங்கி போடுகிறார்கள் என்று 1980-இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் ஓர் ஆய்வு வந்தது. கறுப்பு கூடுதலாக வாங்கும் சூடு துணியோடு நின்றுவிடுகிறது, அங்கி தொளதொளவென்று இருந்தால் உள்ளே இருப்பவருக்கு வெள்ளைக்கும் கறுப்புக்கும் வித்தியாசமில்லை என்றார்கள். தொப்பி மட்டும் சுற்றிலும் விளிம்பு உள்ளதாக இருக்கட்டும். கிரிக்கெட் தொப்பி போட்ட முதல் கோடையில் என் இரண்டு காதும் தோல் உரிந்தன.

குடைக்கு வருகிறேன். மூன்றாம் கோடையில்தான் ஆளுக்கும் ஒரு குடை என்று புத்தி வந்தது. வெளியே வெள்ளிப் பூச்சு, உள்ளே கறுப்பு. கருவியின் ஸ்டாண்டில் கட்டக் கூடாது, காற்றில் குடை ஆடினால் அளவும் ஆடும். தனியாக ஒரு கடப்பாரை அடித்து அதில் கட்டுகிறேன். வானிலை அறிக்கையில் சொல்லும் சூடு நிழலில் எடுத்தது. நேர் வெயிலில் நிற்பவருக்கு, உணரும் வெப்பம் அதைவிட 8 டிகிரி வரை கூடலாம் என்று அமெரிக்க வானிலைத் துறை கணக்குச் சொல்கிறது. சார்ஜ், ஐஸ் எதுவும் கேட்காமல் அதில் பெரும்பங்கைத் தடுக்கிற பொருள் நான் வாங்கியதிலேயே இது ஒன்றுதான். குறை இல்லாமல் இல்லை: பலத்த காற்றில் கவிழ்ந்துகொள்ளும், பூச்சு மடிப்புகளில் உரிய ஆரம்பித்துவிட்டது, நிழல் நகர நகர நாமும் அரை மணிக்கொரு முறை கடப்பாரையைப் பிடுங்கி அடிக்க வேண்டும்.

காசு செலவில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வு நேரத்தில் ஒரு வாளி குளிர்ந்த தண்ணீரில் முழங்கைவரை கையைப் பத்து நிமிடம் முக்கிவைப்பது. உள்ளங்கையில் வெப்பத்தை வெளியேற்றுவதற்கென்றே அமைந்த ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. தீயணைப்பு வீரர்கள் ஓய்வில் செய்வதும் இதைத்தான். கழுத்து வளையம் கொடுக்கும் சுகம் இதில் கிடைக்காது, ஆனால் எழுந்து போனால் அடுத்த ஒரு மணி நேரம் கால் கனக்காது.

மற்றபடி வேலை நேரத்தை மாற்றிக்கொண்டோம். நண்பகலில் கானல் ஆடுவதால் ப்ரிசம் சரியாகத் தெரியாது, நின்றும் பயனில்லை. விடிந்ததும் தொடங்கி பன்னிரண்டுக்கு மூட்டை கட்டுகிறோம். புதிதாக வரும் பையன்களுக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலைதான், பிறகு நாளுக்குக் கொஞ்சம் கூட்டுகிறோம். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும்.

கழுத்து விசிறியை இப்போது அலுவலகத்தில் வரைபடம் பார்க்கும் அக்காவிடம் கொடுத்துவிட்டேன், மின்வெட்டுக்கு உதவுகிறதாம். என் குடையில் ஒரு கம்பியின் முனைத் தையல் விட்டிருக்கிறது. இந்த வாரம் உட்கார்ந்து அதைத் தைக்க வேண்டும்.