உட்துறைமுக வீதி ஓவியக் கடை: நுரையீரலுக்குள் ஒரு முருகைக்கல்

திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் சின்ன ஓவியக் கடையில், உடல் உறுப்புகளை இயற்கை வடிவங்களோடு சேர்த்து வரைந்த படங்கள் விற்கிறார்கள். உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள் நான். அழகாக இருந்தால் மட்டும் எனக்குப் போதாது, உறுப்பு சரியாகவும் இருக்க வேண்டும்.

வாங்கியது நுரையீரல் படம். மூச்சுக்குழாய் கீழே இறங்கி மான்கொம்பு முருகைக்கல்லாக (பவளப்பாறையாக) கிளைக்கிறது. புறாமலைத் தீவுக் கடலில் முகக்கண்ணாடி போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கிளைகளின் வளரும் நுனி வெளிறித்தான் இருக்கும். வரைந்தவர் அதைக்கூட விடவில்லை. வலது நுரையீரலில் மூன்று சோணை (மடல்), இடதில் இரண்டு, இதயத்துக்கு ஒதுங்கிக்கொடுத்த பள்ளம், எல்லாம் இருக்கிறது. கடைகளில் பார்க்கிற பல படங்களில் ஒரு பக்கத்தையே திருப்பி மற்றப் பக்கமும் போட்டிருப்பார்கள்.

இந்த ஒற்றுமைக்குக் காரணமும் உண்டு. நம் மூச்சுக்குழாய் ஏறக்குறைய 23 தடவை இரண்டிரண்டாகப் பிரிந்துதான் காற்றுச் சிற்றறைகளில் முடிகிறது. அதனால்தான் நெஞ்சுக்கூட்டுக்குள் சுமார் 70 சதுர மீற்றர் பரப்பு அடங்குகிறது. முருகைக்கல்லும் கொஞ்ச இடத்தில் நிறைய வெளிச்சமும் இரையும் பிடிக்கவே கிளை விடுகிறது. வகுப்பில் மாட்டியதும் "ஏன் டீச்சர் ரெண்டும் ஒரே மாதிரி?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். படத்துக்குக் கொடுத்த 4,500 ரூபாய் அந்தக் கேள்விக்கே தகும்.

காதின் நத்தைச்சுருளைச் சங்காக வரைந்த படமும் இருந்தது. நிறம் அற்புதம். ஆனால் ஐந்து சுற்று. மனிதக் காதில் ஏறக்குறைய இரண்டரைதான். அதனால் வாங்கவில்லை. கடையில் நின்ற தம்பியிடம் சொன்னேன். "வரையிற அக்காட்டச் சொல்றன் டீச்சர்" என்று முகம் சுளிக்காமல் எழுதிக்கொண்டார்.

படத்துக்குச் சட்டம் (ஃபிரேம்) மட்டும் அங்கே போடாதீர்கள். பின்னால் சாதாரண இரும்பு ஆணி அடிக்கிறார்கள், நம் ஊர் உப்புக் காற்றுக்குச் சீக்கிரமே துருவேறிவிடும். படத்தை மட்டும் வாங்கி வேறு இடத்தில் போடுங்கள். கண்ணாடி தாளில் ஒட்டாமல் இடையில் அட்டை வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மாரிக்குப் பூஞ்சணம் பிடிக்கும்.

அடுத்ததாக, மகாவலி ஆறு கொட்டியாரக்குடாவில் கலக்கிற இடத்தையும் விழித்திரையின் குருதிக்குழாய்களையும் சேர்த்து வரையப் போகிறார்களாம். முன்பணம் கொடுத்துவிட்டேன்.