வெள்ளை பூத்த தம்ளர்களும் என் 5,450 ரூபாயும்

டிஷ்வாஷர் வைத்திருப்பவர்கள், வாங்கப்போகிறவர்கள், அதிலும் ஆழ்துளைக் கிணற்றையும் லாரித் தண்ணீரையும் நம்பி அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு சர்வீஸுக்குப் போன் செய்யுங்கள். நான் போன் செய்து, பணத்தைக் கொடுத்து முடித்த பிறகுதான் இயந்திரத்தோடு வந்த புத்தகத்தைப் பிரித்தேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஒரு நிறுவனத்தை மட்டும் தவிர்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவீர்கள். எங்கள் குடியிருப்பிலேயே வேறு வேறு இயந்திரம் வைத்திருக்கும் இரண்டு வீடுகளில் இதே கதையைக் கேட்டுவிட்டேன்.

நாங்கள் இருப்பது சென்னையில், பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி. எங்கள் தரைத்தொட்டியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் லாரித் தண்ணீரும் ஒன்றாகக் கலக்கும். குழாய் முனையில் வெள்ளைப் பொருக்கு, ஷவரில் பாதித் துளை அடைப்பு, வருடத்துக்கு ஒரு முறை கெய்சர் கம்பி மாற்றம் எல்லாம் பழகிப்போன விஷயம். ஆகவே, டிஷ்வாஷரைப் பொருத்த வந்த இளைஞரிடம் முதலிலேயே கேட்டேன்: “எங்களுடையது உப்புத் தண்ணீர், இதற்கு ஏதாவது தனியாகச் செய்ய வேண்டுமா?” அவர், “எல்லாம் அடங்கிய சோப்பு வில்லை போடுங்கள் மேடம், உப்பு கூடத் தேவையில்லை” என்றார். இருபது நிமிடத்தில் குழாயை மாட்டி, ஒரு படிவத்தில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தப் படிவத்தில் ‘தண்ணீரின் கடினத்தன்மை சோதிக்கப்பட்டது’ என்ற வரிக்கு நேரே டிக் போடப்பட்டிருந்ததை நான் நான்கு மாதம் கழித்துத்தான் பார்த்தேன். அவர் தண்ணீரைத் தொட்டது கைகழுவ மட்டும்.

முதல் மாதம் தம்ளர்கள் பளபளத்தன. இரண்டாம் மாதம் பனி பூத்தது போல ஒரு மங்கல். மூன்றாம் மாதம் வெறும் தண்ணீரை ஊற்றி வைத்தாலும் நீர்மோர் போலத் தெரிந்தது. எவர்சில்வர் தட்டுகளில் வெள்ளைத் திட்டு, இயந்திரத்தின் உட்சுவரில் சாக்கட்டி தேய்த்தது போல ஒரு படிவு. என் மாமியார் ஒரு தம்ளரை எடுத்து, ரசத்துக்குக் கரைத்துப் பிழிந்த புளிச் சக்கையால் நான்கு தேய்ப்பு தேய்த்துக் கழுவிக் காட்டினார். கடையில் வாங்கிய அன்று இருந்தது போல் ஆயிற்று. “பித்தளைக்குச் செய்வதுதானே, இதற்கும் கேட்கும்” என்றார். “அத்தை, அது பித்தளை, இது கண்ணாடி” என்று நான் சிரித்தேன். மூன்று சர்வீஸ் வருகையில் கிடைக்காத நோய்க்குறிப்பு அந்தப் புளிச் சக்கையில் இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் வருகை, கட்டணம் 650 ரூபாய். “வாரண்டியில் இருக்கிறதே?” என்றால், “தண்ணீரால் வரும் பிரச்சினை வாரண்டியில் வராது மேடம்.” சரி, போகட்டும். பையிலிருந்து பேனா போன்ற ஒரு கருவியை எடுத்துத் தம்ளர் தண்ணீரில் முக்கினார். 1,150 என்று காட்டியது. “பார்த்தீர்களா, டிடிஎஸ்!” என்று அவர் சொன்ன விதத்தில் எனக்கே காய்ச்சல் வந்துவிடும் போல் இருந்தது.

இந்த இடத்தில் ஏமாறாதீர்கள். டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லாவற்றின் கூட்டுத்தொகை. நம் கடலோரத் தண்ணீரில் அதில் பெரும்பங்கு வெறும் சோடியம் உப்பாகவும் இருக்கலாம். கண்ணாடியில் விடாப்பிடியாக ஒட்டுவது கால்சியமும் மெக்னீசியமும். அவற்றின் அளவுக்குத்தான் கடினத்தன்மை என்று பெயர், அதை அந்தப் பேனா தனியாகச் சொல்லாது. தண்ணீரை மென்மையாக்கும் சாதனம் (சாஃப்ட்னர்) கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. அதனால் தண்ணீர் மென்மையான பிறகும் பேனா ஏறக்குறைய அதே எண்ணைத்தான் காட்டும். பயமுறுத்துவதற்கு இதைவிட வசதியான கருவி கிடையாது. (ஆர்.ஓ. விற்க வருகிறவர்கள் தண்ணீரில் கம்பியை விட்டு மின்சாரம் பாய்ச்சிச் சேறு போல் ஆக்கிக் காட்டுவார்களே, அதற்குச் சொந்தத் தம்பி இது. அங்கே தெரியும் பழுப்பு, அந்த இரும்புக் கம்பி கரைந்த பழுப்பு.)

பயந்த கையோடு ‘சிறப்புச் சுத்திகரிப்புப் பொடி’ இரண்டு பாக்கெட் வாங்கினேன், ஒன்று 350 ரூபாய். ஓட விட்டதும் இயந்திரத்தின் உட்புறம் பளிச்சென்று ஆனது. பொய் சொல்லக் கூடாது, பொடி வேலை செய்தது. ஆனால் பாக்கெட்டின் பின்புறம் எறும்பு எழுத்தில் இருந்தது ஒரே ஒரு பொருள்: சிட்ரிக் அமிலம். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பார்களே, அதே சரக்கு. விலையைக் கடைக்காரரிடம் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. காரணத்தைத் தொடாமல் கறையை மட்டும் கரைத்ததால் மூன்றே வாரத்தில் மங்கல் திரும்ப வந்தது.

இரண்டாம் வருகை, மறுபடி 650. இந்த முறை, தண்ணீர் உள்ளே வரும் குழாயில் ஒரு ‘ஹார்ட் வாட்டர் ஃபில்டர்’ மாட்டினார், 2,800 ரூபாய். கண்ணாடிக் கூட்டுக்குள் கற்கண்டு போல உருண்டைகள். இவை பாலிபாஸ்பேட் உருண்டைகள். கால்சியத்தை இவை வெளியேற்றுவதில்லை, படியவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கின்றன, அவ்வளவுதான். குளிர்ந்த நீரில் ஓரளவு பலன் உண்டு. சூடு ஏற ஏற இந்தச் சங்கிலி உடைந்து பிடி தளர்ந்துவிடும். டிஷ்வாஷரோ 65, 70 டிகிரிக்குத் தண்ணீரைச் சூடாக்கும் இயந்திரம். பிறகு நானே கடினத்தன்மையை நிறத்தால் காட்டும் சோதனைத் தாள் வாங்கி ஃபில்டருக்கு முன்னும் பின்னும் தண்ணீரைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே நிறம். அன்று போகிறபோது அவர் ஒரு யோசனையும் சொன்னார்: “தினமும் அதிகச் சூட்டில் ஓட்டுங்கள், வில்லை இரண்டாகப் போடுங்கள்.” இந்த இலவச யோசனைக்கு நான் கொடுத்த விலைதான் எல்லாவற்றிலும் அதிகம்.

மூன்றாம் வருகை. இன்னொரு 650. இம்முறை தீர்ப்பு வேறு: “உள்ளே இருக்கும் சாஃப்ட்னர் போய்விட்டது, மாற்ற 11,400 ரூபாய் ஆகும்.” பாகம் பழுது என்றால் வாரண்டியில்தானே மாற்ற வேண்டும் என்று கேட்டேன். “தண்ணீரால் பழுதானது மேடம்.” தண்ணீரைச் சமாளிக்கத்தானே அந்தப் பாகத்தையே வைத்திருக்கிறார்கள்? மழையில் நனைந்ததால் குடைக்கு வாரண்டி இல்லை என்பது போன்ற பேச்சு இது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, உறை பிரிக்காத கையேட்டை அன்று இரவுதான் பிரித்தேன்.

ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது விஷயம். இயந்திரத்தின் உள்ளே அடிப்பகுதியில் ஒரு மூடி, அதைத் திறந்தால் உப்பு போடும் அறை. சாஃப்ட்னருக்குள் இருக்கும் பிசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துப் பிடித்து நிரம்பியதும், இந்த உப்புக் கரைசல் அவற்றைக் கழுவி மறுபடி வேலைக்குத் தயார்ப்படுத்தும். உப்பு இல்லையென்றால் மணிகள் சில நாளில் நிரம்பி, வரும் தண்ணீரை அப்படியே உள்ளே விடும். என் இயந்திரத்தில் அந்த மூடி ஒரு முறை கூடத் திறக்கப்படவில்லை. முதல் தடவை தண்ணீர் நிரப்பிவிட்டு உப்பு போட வேண்டும் என்கிறது கையேடு. எனக்கோ உள்ளே பார்த்தால் தெருப்புழுதி கூட இல்லாத சுத்தம்.

அடுத்தது, கடினத்தன்மையின் எண். எங்கள் சங்கம் வருடாவருடம் தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்புகிறது, அறிக்கையை யாரும் பார்ப்பதில்லை. செயலாளரிடம் கேட்டு வாங்கினேன்: லிட்டருக்கு 640 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 ஏற்கத்தக்கதாகச் சொல்வது 200, வேறு வழியில்லாதபோது அனுமதிப்பது 600. இயந்திரங்கள் பேசுவது ஜெர்மன் பாகைக் கணக்கில். ஒரு பாகை ஏறத்தாழ 17.8 மில்லிகிராம், ஆகவே எங்களுடையது 36 பாகை. என் இயந்திரத்தில் 0 முதல் 7 வரை நிலைகள் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்தது 4, அது 16 பாகை வரைக்கும் சரி. 31 முதல் 50 வரை உள்ள தண்ணீருக்கு 7 வைக்க வேண்டும். இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தி எண்ணை மாற்ற ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. ‘உப்பு வேண்டாம்’ என்ற அந்த எல்லாம் அடங்கிய வில்லையின் உறையையும் எடுத்துப் பார்த்தேன். 21 பாகை வரைதான் என்று அதிலேயே போட்டிருக்கிறது.

உப்பு வாங்கும்போது கவனம். சமையலறைத் தூள் உப்பில் கட்டி பிடிக்காமல் இருக்க ஏதேதோ சேர்ப்பார்கள், அது அடைக்கும். தூத்துக்குடிக் கல் உப்பு ரசத்துக்கு அமிர்தம், ஆனால் அதில் கலந்திருக்கும் மண்ணும் மெக்னீசியமும் பிசினுக்கு ஆகாது. டிஷ்வாஷருக்கென்று விற்கும் கரடு உப்புத்தான் வேண்டும். போட்டவுடன் வெளியே சிந்தியதைத் துடைத்து, அப்போதே ஒரு முறை ஓட்டிவிடுங்கள். உப்புக் கரைசல் தேங்கினால் எவர்சில்வர் உட்சுவர் துருப்பிடிக்கும். மூடி சரியாக இறுகவில்லை என்றாலும் கரைசல் கசிந்து பாத்திரமெல்லாம் வெள்ளை பூக்கும்.

இதைச் செய்த பிறகு புதிய படிவு நின்றது. பழைய படிவு தானாகப் போகாது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சை உப்பைக் கரைத்து, தம்ளர்களைக் கால் மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவினேன். இயந்திரத்துக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பைப் போட்டு, பாத்திரம் இல்லாமல், சோப்பும் இல்லாமல் சூடாக ஒரு ஓட்டம். சோப்பு காரம், இது அமிலம். சேர்த்துப் போட்டால் ஒன்றையொன்று கொன்றுவிடும். ப்ளீச் பக்கம் அமிலத்தைக் கொண்டுபோகவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். வினிகரை வாராவாரம் ஊற்றுவதும் வேண்டாம், ரப்பர் பட்டைகள் கெடும்.

முப்பது தம்ளர் தெளிந்தன. நான்கு தெளியவில்லை.

என் அப்பா 1987-இல் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஆறு மெல்லிய வெட்டுக் கண்ணாடித் தம்ளர்களில் நான்கு அவை. வீட்டுக்கு யார் வந்தாலும் ரோஸ்மில்க் அவற்றில்தான். எலுமிச்சை உப்பு, வினிகர், கடைசியில் மாமியாரின் புளி, எதற்கும் அசையவில்லை. விரலால் தடவினால் நுண்ணிய சொரசொரப்பு. இது படிவு இல்லை, அரிப்பு. காரமான சோப்பும் கடும் சூடும் சேர்ந்து கண்ணாடியின் மேற்பரப்பையே கரைத்துவிட்டன. தண்ணீர் மென்மையாக இருந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். மென்மையான தண்ணீரில் சோப்பின் வீரியத்தைப் பங்குபோடக் கால்சியம் இருக்காது. இங்கே என் பங்கும் உண்டு. நிலையை 7-க்கு மாற்றிய பிறகும் அந்த மனிதர் சொன்ன இரண்டு வில்லையையும் 70 டிகிரியையும் இரண்டு மாதம் விடாமல் தொடர்ந்தேன். ஆரம்பத்தில் விளிம்பில் மயில் கழுத்து நிறம் ஓடியதைப் பார்த்து அழகாக இருக்கிறதே என்று கூட நினைத்தேன். அந்த நிறம்தான் முதல் அறிகுறி. அப்போதே கையால் கழுவ எடுத்திருந்தால் பிழைத்திருக்கும். இதற்கு மருந்து கிடையாது. அதனால் மங்கலைக் கண்டதும் முதலில் ஒரு தம்ளரைப் புளியாலோ வினிகராலோ தேய்த்துப் பாருங்கள். போனால் படிவு, போகாவிட்டால் அரிப்பு. இரண்டுக்கும் வைத்தியம் நேரெதிர்: படிவுக்கு உப்பு வேண்டும், அரிப்புக்குச் சோப்பையும் சூட்டையும் குறைக்க வேண்டும்.

இப்போது அரை அளவு தூள் சோப்பு, கண்ணாடிக்கு 50 டிகிரிக்கு மேல் போவதில்லை, நீர் துளியாக நிற்காமல் வழிந்தோட ரின்ஸ் எய்ட். வெட்டுக் கண்ணாடி உள்ளே போவதே இல்லை. லாரி மாறும்போது தண்ணீரும் மாறுகிறது என்பதால் மாதம் ஒரு முறை சோதனைத் தாளால் பார்த்துக்கொள்கிறேன்.

புகார் விஷயம். நிறுவனத்துக்கு எழுதிய இரண்டு மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தேன். தண்ணீரைச் சோதித்ததாக டிக் போட்ட அந்தப் படிவத்தின் படம், ரசீதுகள், ஆய்வக அறிக்கை ஆகியவற்றை இணைத்தேன். பன்னிரண்டாம் நாள் ஃபில்டர் பணம் 2,800 திரும்ப வந்தது. வருகைக் கட்டணத்துக்கு வழியில்லை என்கிறார்கள். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டு அவகாசமும் இருக்கிறது. போவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ரசீதைக் கேட்டு வாங்குங்கள். எனக்குப் பொடிக்கு ரசீதே தரவில்லை.

போன வாரம் அதே அலுவலகத்திலிருந்து ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடச் சொல்லி ஒரு பெண் அழைத்தார். “எங்கள் வீட்டுத் தண்ணீரின் கடினத்தன்மை எத்தனை என்று உங்கள் பதிவில் இருக்கிறதா அம்மா?” என்று கேட்டேன். சற்று நேரம் தட்டச்சு ஓசை கேட்டது. “1,150 மேடம்” என்றார்.